நான்கு கேள்விக்குறிகள்

எங்கள் பள்ளியில் எனக்குப் பிறகு இயற்பியல் எடுக்கும் சாந்தி போன வாரம் டெல்லி மயூர் விஹாரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். வகுப்பில் இப்போது சுவர் அகலத்துக்குத் திரை வந்துவிட்டதாம். பாடத்தின் பெயரைச் சொன்னால் கருத்து வரைபடத்தை அதுவே போட்டுக் கொடுத்துவிடுகிறதாம். "நம்ம ஸ்கூல்ல இதை முதல்ல ஆரம்பிச்சது நீங்கதானே மேம். புதுசா வர்ற டீச்சர்ஸ்க்கு உபயோகமா நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றாள். எழுந்து போகும்போது, "நல்ல விஷயமா எழுதுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். என் வாய் அவளுக்குத் தெரியும்.

நல்ல விஷயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நான் போட்ட ஒரு பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்பதால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

விருதுநகரில் பிறந்தேன், மதுரையில் எம்.எஸ்ஸி. படித்தேன், பி.எட். முடித்த கையோடு கல்யாணம் ஆகி, மத்திய அரசு குமாஸ்தா ஒருவரோடு டெல்லிக்கு ரயில் ஏறினேன். மூன்று மாதம் இந்தி தெரியாமல் அழுதேன். நான்காவது மாதம் தெற்கு டெல்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. பிறகு பதினைந்து வருடம் சாக்பீஸ். அந்தப் பதினைந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. நியூட்டனும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு ஊழியர் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்தது. செக்‌ஷன் ஆபீசர் பிள்ளையும் வீட்டு வேலை செய்பவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் பாடம், ஆறிலிருந்து ஆங்கிலம். பிள்ளைகள் வீட்டில் அவரவர் மாவட்டத்துத் தமிழ் பேசுவார்கள், பஸ்ஸில் இந்தி பேசுவார்கள், பரீட்சையில் ஆங்கிலம் எழுதுவார்கள். எந்த மொழியில் யோசிப்பார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய ஒரு கோடையில், எங்கள் பழைய மாணவர் ஒருவர் தன் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஆறு கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். அதே கோடையில் ஒரு பயிற்சி முகாமில் எனக்குக் கருத்து வரைபடம் போடும் மென்பொருள் ஒன்று சி.டி.யில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. துணை முதல்வர் வேதநாயகம் சாரிடம் போனேன்.

வேதநாயகம் சார் பாளையங்கோட்டைக்காரர். முப்பது வருட டெல்லி வாசம் அவர் பேச்சை ஒன்றும் செய்யவில்லை. யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார். மணி அடிக்கும் பியூன் வந்தாலும் எழுந்து நிற்பார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ரொம்பக் கோபம் வந்தால் டீ வரவழைத்துக் கொடுப்பார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் ஸ்டாஃப் ரூமே நடுங்கும். எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "அது எங்க எழுதியிருக்கு?" எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். மையூற்றுப் பேனாவால் எழுதுவார், எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் வாசித்துக்கொள்வார்.

"இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

"பிள்ளைங்க மண்டைக்குள்ள பாடம் எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாக்கலாம் சார்."

"பாத்து?"

"தப்பா உட்கார்ந்திருந்தா திருத்தலாம்."

"சரியா உக்காந்திருந்தா?"

கையிலிருந்த சி.டி.யை அவர் மேசையில் வைத்தேன். "சரி, செய்யுங்க. ஆனா மார்க் போடுத விஷயம்னா ஒவ்வொரு படமும் பேப்பர்ல வரணும். பதிவேட்டுல ஒட்டணும். கம்ப்யூட்டர் இன்னைக்கு இருக்கும், நாளைக்குச் செத்துப் போவும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

சாந்தி கேட்ட உபயோகமான பகுதி இதுதான், கவனமாகச் சொல்கிறேன். செருப்பை வாசலில் விட வேண்டும். கம்ப்யூட்டர் மேல் போட்டிருக்கும் தூசி உறையை உள்பக்கம் தூசி போகாதபடி மடித்து வைக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். முதலில் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. பாடத்தில் உள்ள முக்கியமான பத்துச் சொற்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, மேசையில் பரப்பி, எது எதன் பக்கத்தில் என்று சண்டை போட வேண்டும். சண்டை ஓய்ந்த பிறகு திரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெட்டி. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கோடு இழுத்தால், கோட்டின் நடுவில் நான்கு கேள்விக்குறிகள் தானாக வந்து நிற்கும். அவற்றை அழித்துவிட்டு, இரண்டு பெட்டிக்கும் என்ன உறவு என்று ஒரு சொல் அடிக்க வேண்டும். அதுதான் இணைப்புச் சொல். பெட்டியின் கீழே ஒரு படத்தையோ, உள்ளே இன்னொரு வரைபடத்தையோ வைக்கலாம். வைத்தால் சின்னக் கட்டம் ஒன்று தெரியும், அதைச் சொடுக்கினால் திறக்கும். எல்லாம் முடிந்ததும் பெட்டி, கோடு, பெட்டி என்று வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது சொற்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தால் ஒரு மார்க். வராவிட்டால் அந்தக் கோட்டுக்குப் பூஜ்யம். இது நானே போட்ட சட்டம். சிவப்பு மைப் பேனா மீது எனக்கு அந்த நாளில் தனிப் பிரியம் உண்டு.

முதல் மாதம் படங்கள் பிரமாதமாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி வந்தன. பாடப் புத்தகத்தின் ஆங்கில வாக்கியத்தை உடைத்து மூன்று துண்டாகப் போட்டிருந்தார்கள். கோட்டைக் காட்டி ஏன் என்று கேட்டால் மேலே மின்விசிறியைப் பார்ப்பார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. "நாளையிலேர்ந்து வீட்ல பேசற மாதிரி தமிழ்ல போடுங்க" என்றேன்.

அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். எங்கள் கம்ப்யூட்டருக்கு அதுவும் வராது. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார்கள். அங்கே ஒரு சிக்கல் கிளம்பியது. ஆங்கிலத்தில் வினை நடுவில் வருவதால் கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்துகொள்ளும். தமிழில் வினை கடைசிக்கு ஓடிவிடும். 'விசை, உண்டாக்குகிறது, முடுக்கம்' என்று ஒரு பையன் வாசித்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வேதநாயகம் சார், "என்னடே இது, தந்தி அடிக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வகுப்பே சிரித்தது. என் சட்டப்படி எல்லோருக்கும் பூஜ்யம்தான் போட வேண்டும்.

மூன்றாவது பெஞ்சில் செல்வராணி என்று ஒரு பெண். பத்தாம் வகுப்பு. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், பெற்றோர் தர்மபுரிப் பக்கம். அதிகம் பேச மாட்டாள். அன்று எழுந்து, "மேம், 'உண்டாக்குகிறது' வேணாம். 'உண்டாக்கும்'னு போட்டா? விசை உண்டாக்கும் முடுக்கம். மத்லப், அதாவது, எங்கம்மா 'நான் வெக்கிற கொழம்பு'ன்னு சொல்ற மாதிரி" என்றாள்.

நான் கரும்பலகையில் எழுதி வாசித்துப் பார்த்தேன். விசை உண்டாக்கும் முடுக்கம். பொருள் கொண்டிருக்கும் நிறை. உராய்வு குறைக்கும் வேகம். பெட்டியிலிருந்து பெட்டிக்கு வண்டி தடங்கல் இல்லாமல் ஓடியது. முகாமில் பாடம் எடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் தமிழ் வரைபடம் அவள் சொன்ன மாதிரிதான் போடப்பட்டது. அவள் மீது எனக்குத் தனி வாஞ்சை வந்துவிட்டது. ஆசிரியருக்கு அப்படி வரக் கூடாது என்பார்கள், வந்துவிட்டது.

டிசம்பரில் வேலை, ஆற்றல், திறன் பாடம். இயற்பியலில் வேலை என்றால் விசையால் ஒரு பொருள் நகர வேண்டும். நகரவில்லை என்றால் எவ்வளவு முக்கினாலும் வேலை பூஜ்யம். இதற்குப் புத்தகத்தில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் கூலி உதாரணம் இருந்தது. பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டுமே என்று, "அதை விடுங்க. பெரிய பெரிய பங்களா கேட்ல வாட்ச்மேன் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நிக்கிறார் பாருங்க. பிசிக்ஸ் கணக்குப்படி அவர் செய்யற வேலை என்ன? பூஜ்யம்! சும்மா நின்னு சம்பளம் வாங்கறார்!" என்றேன். வகுப்பு சிரித்தது. உதாரணம் எடுபட்டதில் எனக்குப் பெருமை.

அந்த வருடச் செயல்திட்டம் இந்தப் பாடத்துக்கு ஆளுக்கொரு வரைபடம்தான். வீட்டிலிருந்து ஓர் உதாரணம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். தொண்ணூறு பிள்ளைகள், ஆறு கம்ப்யூட்டர்கள், நினைத்தால் போகும் மின்சாரம். ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து மார்க் போட எனக்கு நேரம் இல்லை. எப்படியும் வேதநாயகம் சாருக்குப் பேப்பர் வேண்டும். அச்சடித்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, மொட்டை மாடியில் குளிர்கால வெயிலில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே திருத்தினேன்.

செல்வராணியின் தாள் வந்தது. ஆசையாக எடுத்தேன். 'அப்பா' என்று ஒரு பெட்டி. அதிலிருந்து 'செய்யும்' என்ற கோடு. அடுத்த பெட்டி 'பூஜ்ய வேலை'. அதிலிருந்து ஒரு கோடு 'களைப்பு' என்ற பெட்டிக்கு. அந்தக் கோட்டின் மேல் நான்கு கேள்விக்குறிகள் அப்படியே நின்றன. அந்தப் பெட்டியின் கீழே கறுப்பாக ஒரு புள்ளி, மை சிந்தியது என்று நினைத்தேன். மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு கோடு போட்டிருந்த இடத்தில் இவள் தாளில் மொத்தமே இரண்டு கோடுதான்.

எனக்குக் கோபம் வந்தது. வாஞ்சை வைத்த இடத்தில் வரும் கோபம். ஒரு தடவை பாராட்டியதும் தலை கனத்துவிட்டது, பாதியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று தீர்மானித்தேன். சிவப்பு மையில் பெரிய பூஜ்யம் போட்டு, 'முடிக்கப்படவில்லை. அலட்சியம்' என்று எழுதினேன். எழுதியதும் ஒரு திருப்தி வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் ஒட்டும் முன் தாளை வகுப்பில் காட்டிய மறுநாள் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். நான் யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். "அப்புறம் வா" என்றேன். அப்புறம் அவள் வரவில்லை.

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு ஒன்றே ஒன்றுதான். பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு இந்தச் செயல்திட்ட மதிப்பெண்ணையும் கூட்டித்தான் இடம் கொடுப்பார்கள். ஜூன் மாதம் பட்டியல் ஒட்டினார்கள். அறிவியலில் செல்வராணி இல்லை, வணிகவியலில் இருந்தாள். மயிரிழையில் போயிருந்தது. நான் பட்டியலைப் பார்த்தேன், அவள் பெயர் இல்லாததையும் கவனித்தேன். விரும்பியிருந்தால் ஒழுங்காகச் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து மதியம், அனல் காற்று வீசிக்கொண்டிருந்த நேரம், நீலச் சீருடையில் ஒருவர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"வணக்கமுங்க டீச்சர். செல்வராணியோட அப்பாங்க."

"வாங்க. எங்க வேலை பாக்கறீங்க?"

"சாணக்யபுரியில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ங்க. கேட்ல நிக்கறேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் தொடர்ந்தார். "சயின்ஸ் கெடைக்காதது பத்தி ஒண்ணும் இல்லீங்க. பாப்பா காமர்ஸே படிக்கட்டும். அதைக் கேக்க வரலைங்க. அவ என்னைய ஒண்ணு கேட்டா, எனக்குப் பதில் தெரியல. நான் செய்யறது வேலையே இல்லைன்னு புஸ்தகத்துல போட்டிருக்குதாம். பன்னெண்டு மணி நேரம் நின்னாலும் பூஜ்யம்தானாம். இருக்கட்டுங்க, படிச்சவங்க கணக்கு வேற மாதிரி இருக்கும். அப்படின்னா உனக்கு ஏன்பா கால் இப்படி வீங்குதுன்னு கேக்கறா. அதுக்குப் புஸ்தகத்துல என்னங்க போட்டிருக்கு?"

புத்தகத்தில் எதுவும் போட்டிருக்கவில்லை. "பாத்துச் சொல்றேங்க" என்று மட்டும் சொன்னேன். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதாங்க கேட்டேன். நான் செய்யறது வேலைதானுங்களா, இல்லீங்களா, அதான்" என்றார். இரண்டு மணிக்கு டியூட்டி என்று கிளம்பிவிட்டார்.

நான் போய் கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவள் வகுப்பு ஃப்ளாப்பிகள் டப்பாவில் இருந்தன. நாலாவதில் அவள் படம் கிடைத்தது. திரையில் திறந்தேன். அப்பா செய்யும் பூஜ்ய வேலை. பூஜ்ய வேலை, நான்கு கேள்விக்குறி, களைப்பு. களைப்பு என்ற பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அச்சில் மை சிந்தியது என்று நான் நினைத்த புள்ளி அதுதான்.

சொடுக்கினேன். உள்ளே இன்னொரு வரைபடம் விரிந்தது. இருபது கோடுகளுக்கு மேல் இருக்கும். கேட்டின் ஒரு பக்கம் தூண், மறுபக்கம் அப்பா. இரண்டும் நிற்கும் நேரம் ஒன்று. இரண்டும் நகரும் தூரமும் ஒன்றேதான், பூஜ்யம். தூண் அடையாத களைப்பு. அப்பா அடையும் களைப்பு. தூண் கேட்காத வெந்நீர். அப்பா கேட்கும் வெந்நீர். தூண் சாப்பிடாத சோறு. அப்பா சாப்பிடும் சோறு. சோறு தரும் ஆற்றல். ஆற்றல் என்ற பெட்டியிலிருந்து ஒரு கோடு வெளியே வந்து எந்தப் பெட்டியிலும் சேராமல் நின்றது. அதன் மேலும் நான்கு கேள்விக்குறிகள். அப்பா என்ற பெட்டியைச் சொடுக்கினால் கம்ப்யூட்டரில் படம் வரையும் பென்சில் கருவியால் வரைந்த இரண்டு பாதங்கள் திறந்தன. கணுக்கால் வீக்கத்தைக் கோடு போட்டுக் காட்டியிருந்தாள்.

நான் கிண்டலடித்த மனிதரின் பாதங்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்து, எல்லோரும் சிரித்தபோது தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுக்குப் போய் இதை யோசித்திருக்கிறாள். பத்து மாதமாக எல்லோரிடமும் 'சொடுக்கிப் பார், சொடுக்கிப் பார்' என்று கத்தியவள் நான். அவளுடையதை ஒரு தடவைகூடச் சொடுக்கவில்லை. அந்தக் காலி அறையில் உட்கார்ந்து அழுதேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக வேதநாயகம் சாரிடம் போனேன். எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன், வாட்ச்மேன் கிண்டலையும் சேர்த்துத்தான். டீ வரவழைத்தார். டம்ளரை நான் தொடவில்லை.

"மார்க்கை மாத்தணும்னா மாத்தலாம் டீச்சர். பட்டியல்ல ஒரு இடம் கையால எழுதிச் சேக்க முடியும். பழைய மார்க்கை ஒரே கோட்டுல அடிக்கணும், பக்கத்துல புதுசு எழுதணும், ரெண்டு பேர் கையெழுத்து. அது ஒண்ணும் பெரிசில்ல. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாத்தீகளா, அதுல என்ன எழுதச் சொல்லுதீக?"

"என் தப்புன்னு எழுதுங்க சார்."

"அது உங்களைப் பத்தின காரணம். பிள்ளைக்கு மார்க் குடுக்கதுக்குக் காரணம் வேணும். அந்தக் கோடு முடியாமத்தான இருக்கு? உங்க சட்டம்தான? நாளைக்கு அவளை வரச் சொல்லுங்க."

மறுநாள் செல்வராணி தனியாக பஸ் ஏறி வந்தாள். சார் ஷூவைக் கழற்றி கம்ப்யூட்டர் அறை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு கோடாக வாய்விட்டு வாசித்தார். 'தூண் சாப்பிடாத சோறு' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, மறுபடி வாசித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு சயின்ஸ் வேணுமாம்மா?"

"வேணும் சார்."

"இந்த நாலு கேள்விக்குறிதான் இடைஞ்சலா நிக்கி. இதை அழிச்சிட்டு ஒரு சொல் போடு. இப்பமே மார்க் குடுத்திருதேன். 'தரும்'னு போடேன். பூஜ்ய வேலை தரும் களைப்பு. வாசிக்க நல்லாத்தான வருது?"

போட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு சொல். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விசைப்பலகை மேல் கையை வைத்தாள். அப்புறம் எடுத்துக்கொண்டாள்.

"வாசிக்க வருது சார். ஆனா பொய் சார். பூஜ்யம் எப்படிக் களைப்பு தரும்? ஏன்னு தெரியாம எப்படிப் போடறது?"

"அப்ப மார்க் கெடைக்காதே?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், "பரவால்ல சார்" என்றாள்.

சார் பதிவேட்டை விரித்தார், பேனாவைத் திறந்தார். என் பூஜ்யத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் முழு மதிப்பெண் எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் எழுதியதை வழக்கம்போல வாய்க்குள் வாசித்துக்கொண்டார்; எங்கள் இருவருக்கும் கேட்டது. 'வாசிப்புக்குப் பொருந்தும் சொல் கைவசம் இருந்தும், உண்மைக்குப் பொருந்தாததால் மாணவி எழுத மறுத்தாள்.' என்னிடம் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"அந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாது சார்."

"அதையும் எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். தட்டச்சு செய்த பட்டியலின் அடியில், அறிவியல் பிரிவில் அவள் பெயரை அன்றே மையூற்றுப் பேனாவால் எழுதி ஒட்டினார்கள்.

பதிலைத் தேட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. உயிரியல் எடுக்கும் ஷீலா டீச்சருக்குத் தொலைபேசி போட்டேன், நூலகத்தில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் நிற்பவர் நகர்வதில்லை. காலுக்குள் தசை நார்கள் ஓய்வதே இல்லை. ஒன்று சுருங்கும், ஒன்று தளரும், மறுபடி சுருங்கும். ஒவ்வொரு சுருக்கத்திலும் துளியூண்டு நகர்ச்சி இருக்கிறது. அதற்குச் சோற்றின் ஆற்றல் செலவாகிறது, பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. தூணுக்குத் தசை இல்லை. அவள் வரைபடத்தில் எந்தப் பெட்டியிலும் சேராமல் நின்ற கோடு சேர வேண்டிய இடம் அதுதான்.

ஜூலையில் பள்ளி திறந்ததும் பதினொன்றாம் வகுப்புக்கு முதல் பாடமே அதை எடுத்தேன். "போன வருஷம் வாட்ச்மேன் சும்மா நிக்கிறார்னு சொன்னேன். அது தப்பு. எனக்குத் தெரியாம சொன்னேன், கிண்டலாவும் சொன்னேன்" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரையும் புத்தகப் பையை ஒரு கையில் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் கைகள் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தன. "நகருதா?" என்று கேட்டேன். "இல்ல மேம்." "அப்ப ஏன் நடுங்குது? உள்ள யாரோ வேலை செய்யறாங்க" என்றேன். செல்வராணி கையை இறக்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, நடுங்கும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வகுப்பு முடிந்து அவளைக் கூப்பிட்டேன். "அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன் மேம். படம் போட்டே காமிச்சேன்."

"என்ன சொன்னார்?"

"கால்ல வெந்நி ஊத்திட்டே முழுசா கேட்டார். அப்புறம் சிரிச்சுட்டார் மேம். 'இதைக் கண்டுபிடிக்க இத்தனை பேரா? கேட்டுக்கு வந்து ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே'ன்னார்."

ஒரு மாதத்துக்கு முன்னால், தான் செய்வது வேலைதானா என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்க வந்த மனிதர் அவர்.